குழந்தை சொன்னது அதான்

அந்த டீச்சர் வெகுளியா, விவரமானவரா என்று கேட்டால் இன்றைக்கும் என்னால் பதில் சொல்ல முடியாது. இரண்டு பக்கத்துக்கும் என்னிடம் ஆதாரம் இருக்கிறது. தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் கோப்பு கட்டியவன் நான். எந்த விவகாரமானாலும் பார்வை ஒன்று, பார்வை இரண்டு என்று வரிசை போட்டு, கடைசியில் ஒரு முடிவுக்குக் கொண்டுவந்து கையெழுத்துக்கு வைத்துவிடுவேன். இவர் ஒருவர் விஷயத்தில் மட்டும் எனக்குக் கோப்பு மூடவே இல்லை.

பெயரைச் சொல்லப் போவதில்லை. தன்னைப் பற்றி நாலு பேர் படிப்பதை அவர் விரும்பமாட்டார், அல்லது அதைப் பற்றிக் கவலையே படமாட்டார். இதிலும் எனக்குக் குழப்பம்தான். என் மகள் உமா யு.கே.ஜி. படித்த அந்த ஒரு வருஷம் மட்டுமே அவரை எனக்குத் தெரியும். எழுபத்தெட்டோ, ஒன்பதோ. அந்த வருஷத்தோடு அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். கல்யாணமாகிப் போனார் என்றார்கள். அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டுக்கொண்டார் என்றும் சொன்னார்கள்.

திருவண்ணாமலைக் கோயில் பேகோபுரத்துக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டில் நடந்த நர்சரிப் பள்ளி அது. மூன்று அறை, ஒரு முற்றம், முற்றத்தில் ஒரு வேப்பமரம். டீச்சருக்கு முப்பது வயது இருக்கலாம். குள்ளமான உருவம், கஞ்சி போடாத கைத்தறிச் சேலை, இறுக்கிப் போட்ட கொண்டை. கொண்டையில் பூ இருக்காது, பென்சில் இருக்கும். ஆபீஸில் வைத்திருப்போமே, ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம், அந்த வகை. நீலப் பக்கம் தேய்ந்து தேய்ந்து பென்சில் கட்டைவிரல் நீளத்துக்கு வந்திருக்கும். சிவப்பு முனை கடையில் வாங்கியபடியே சீவாமல் இருக்கும்.

"சிவப்புல எழுதவே மாட்டீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது எதுக்குங்க சார்?"

"திருத்தறதுக்கு."

"யாரைங்க?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்டாரா, தெரியாமல்தான் கேட்டாரா என்று முகத்தைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை.

அவருக்கு ஊர் அடி அண்ணாமலை. பயிர் வைக்கிற குடும்பம். மலையைச் சுற்றிப் போகிற பாதையில் தினமும் காலையில் நடந்தே வருவார், சாயங்காலம் நடந்தே போவார். "டீச்சருக்கு தெனமும் பாதி கிரிவலம் ஆயிடுது, எவ்ளோ புண்ணியம்!" என்று உமாவோடு படிக்கிற ஒரு குழந்தையின் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இல்லீங்க, நான் ஸ்கூலுக்குதான் போறேன்" என்றார் டீச்சர். அந்த அம்மாளுக்கு அடுத்து என்ன பேசுவதென்று தெரியவில்லை. டீச்சரோடு பேசுகிற எல்லோருக்கும் நாலாவது வாக்கியத்தில் இந்தக் கதி வந்துவிடும். நடந்தது எதுவோ அதை மட்டும் சொல்வார். கூட ஒரு சொல் கிடையாது, கம்மியாகவும் ஒரு சொல் கிடையாது.

பாடம் நடத்துவதும் அதே தினுசுதான். ஊரில் மற்ற பள்ளிகளில் பிள்ளைகள் அ, ஆ என்று கூரை அதிரக் கத்திக்கொண்டிருந்தபோது, இவர் அ, ஆவைத் தொடவே இல்லை. காலையில் ஒவ்வொரு குழந்தையாகப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைப்பார். குழந்தை ஏதாவது சொல்லும். பூனை குட்டி போட்டது, அண்ணன் கிள்ளினான், எதுவானாலும் சரி. அதைக் குழந்தை சொன்ன பேச்சிலேயே, ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, ஒரு தாளில் பெரிய பெரிய எழுத்தில் எழுதுவார். தன் வாயிலிருந்து வந்தது தாளில் ஏறுவதைக் குழந்தை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும். அந்தத் தாள் சாயங்காலம் பையில் வீட்டுக்கு வரும். ஒருநாள் அம்மா, மறுநாள் அப்பா என்று முறை வைத்து, குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் விரல் வைத்துச் சேர்ந்து படிக்க வேண்டும். படித்தவர் கீழே கையெழுத்துப் போட்டு மறுநாள் அனுப்ப வேண்டும்.

இதையெல்லாம் ஜூன் மாதம் பெற்றோர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். "ஜாஸ்தி நேரம் வேணாங்க. ஒரு டம்ளர் காப்பி ஆறுற நேரம் போதும்."

"தப்பா படிச்சா என்ன பண்றது?" என்றார் ஒருவர்.

"தப்பா படிக்காதுங்க. அது சொன்னதுதானே அதுல இருக்குது."

நான் எழுந்தேன். எனக்கு இந்த மாதிரி இடங்களில் எழுந்திருக்காமல் இருக்க முடியாது. "'பூனை குட்டி போட்டுச்சு'ன்னு எழுதிக் குடுத்தா கொழந்தைங்களுக்கு நல்ல தமிழ் எப்படி வரும்? 'பூனை குட்டி ஈன்றது'ன்னு எழுதக் கூடாதா?" என்றேன். நாலு பேர் தலையாட்டினார்கள். எனக்குத் திருப்தியாக இருந்தது.

டீச்சர் கொஞ்ச நேரம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். பிறகு, "அப்பிடி யாருமே சொல்லலீங்களே சார். கொழந்த சொன்னது அதான்" என்றார்.

இந்த "கொழந்த சொன்னது அதான்" அந்த வருஷம் திருவண்ணாமலையில் பல வீடுகளைப் படாத பாடு படுத்தியது.

முதலில் மாட்டியது தேரடித் தெருவில் சிற்றுண்டிக் கடை வைத்திருந்தவர். கார்த்திகைத் தீபம் முடிந்த வாரம் அவர் பையன் கொண்டுவந்த தாளில் இப்படி இருந்தது: "தீபத்தன்னிக்கி எங்க அப்பா இட்லிய சின்னதா சுட்டாரு. எல்லாரும் நெறைய சாப்ட்டாங்க." மனிதர் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நேராகப் பள்ளிக்கு வந்துவிட்டார். உமாவைப் பள்ளியில் விட வந்த நானும் வேடிக்கை பார்க்க நின்றேன்.

"இன்னாம்மா இது? இத எழுதிக்கினு ஊரெல்லாம் காட்டுவீங்களா? என் பொழப்ப கெடுக்கறதுக்கா புள்ளய அனுப்பறேன்?"

"நான் இட்லிய பாக்கலீங்க. கொழந்த சொன்னது அதான்."

"கொழந்தன்னா எதையும் சொல்லும். நீங்க எழுதிடறதா?"

டீச்சர் பையனைப் பார்த்தார். பையன் அப்பா கையிலிருந்த தாளை எட்டி வாங்கி, சொல்லுக்குச் சொல் விரல் வைத்து, கணீர் என்று படித்தான். இட்லியில் தடங்கல் இல்லை, சின்னதாவில் தடங்கல் இல்லை. அவருடைய முகத்தில் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா சார், எழுத்துக் கூட்டாம படிக்கிறான்!" என்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. தாளில் இருந்ததை யாரோ படித்துச் சொல்லித்தான் வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதற்கு அடுத்த தீபத்துக்கு இட்லி பெரிதாயிற்றா என்று நான் வேலை மெனக்கெட்டு அவர் கடைக்குப் போய்ப் பார்த்தேன். பழைய அளவுதான் இருந்த மாதிரி இருந்தது. கொஞ்சம் பெரிதாகவும் தோன்றியது.

அடுத்து வந்தவர் எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயில் குருக்கள். பேத்தியின் தாளில், "எங்க தாத்தா மத்தியானம் புள்ளையார் பக்கத்துல தூங்குவா. கொர்ர்ர்" என்று இருந்தது. அந்தக் 'கொர்ர்ர்' தாளின் முனைவரைக்கும் போயிருந்தது. குழந்தை அவ்வளவு நீளமாகச் சொன்னதாம். குருக்கள் கோபிக்கவில்லை, வருத்தப்பட்டார். "நடை சாத்தினப்புறம் சித்த நாழி கண்ணயர்றது வாஸ்தவம். அதப் போய் எழுதணுமோ?" என்றார். டீச்சர் வழக்கமான பதிலைச் சொன்னார். குருக்கள் தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். பல மாதம் கழித்து அர்ச்சனைத் தட்டுக்கடியில் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்ததைப் பார்த்தேன்.

ஊரில் குழந்தைகள் முன்னால் பேசுவதற்கே ஆட்கள் பயந்தார்கள். "டேய், டீச்சர்கிட்ட சொல்லிடாதே" என்பது வீட்டுக்கு வீடு வழக்கமாயிற்று. அதையும் ஒரு குழந்தை போய்ச் சொல்லி, அதுவும் தாளில் ஏறி வந்தது.

எங்கள் வீட்டுக்கு மட்டும் வெற்றுத்தாள் வந்தது.

ஆகஸ்ட் மாதம்வரை உமாவுக்கும் ஏதோ ஒன்று இரண்டு வரிகள் வந்துகொண்டிருந்தன. அதற்குப் பிறகு நின்றுவிட்டது. வெள்ளைத் தாள், கீழே கையெழுத்துப் போடக் கோடு, அவ்வளவுதான். தாள்கள் தேரடித் தெரு அச்சகத்தில் கழித்துப்போட்டவை. பின்பக்கம் யாருடைய கல்யாணப் பத்திரிகையாவது பாதி அச்சாகி இருக்கும். முன்பக்கம் படிக்க ஒன்றும் இல்லாததால் நானும் உமாவும் பின்பக்கத்தைத் திருப்பி, 'நிகழும் மங்களகரமான' என்று யார் யாருடைய முகூர்த்தத்தையோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். காப்பி ஆறியதும் கையெழுத்துப் போட்டுவிடுவேன். பழக்க தோஷம், அந்தத் தாள்களைத் துளை போட்டு, டேக் கட்டி, கோப்பாகவே வைத்திருந்தேன்.

குழந்தை பேசவில்லையோ என்று எனக்குப் பயம் வந்தது. ஆனால் வீட்டில் அவள் வாய் மூடுவதில்லை. எங்கள் வீட்டில் பேசுகிற ஒரே ஆள் அவள்தான்.

இதைச் சொல்லத்தான் வேண்டும். நானும் என் மனைவியும் அப்போது பேசிக்கொள்வதில்லை. ஆவணி மாதம் அவள் தங்கைக்குச் செங்கத்தில் வளைகாப்பு. லீவு போட்டுக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தேன். லீவு போடவில்லை. மறந்துவிட்டேன் என்றேன். "மறக்கல, இஷ்டமில்ல" என்றாள் அவள். மறந்தேனா, இஷ்டமில்லையா என்று எனக்கே இன்றுவரை சரியாகத் தெரியாது. அன்றைக்கு இரண்டு பேரும் சொல்லக்கூடாததைச் சொல்லிக்கொண்டோம். மறுநாள் முதல் பேச்சு நின்றுவிட்டது. முதலில் வாய் திறக்கிறவர் தோற்றவர் என்று ஆகிவிட்டது.

ஆனால் குடும்பம் நடக்க வேண்டுமே. அதற்குத்தான் உமா.

"உமா, அப்பாவ சாப்ட வரச் சொல்லு."

"அப்பா, அம்மா உங்கள சாப்ட வரச் சொன்னாங்க."

"கை கழுவிட்டு வரேன்னு சொல்லு."

"அம்மா, அப்பா கை கழுவிட்டு வராராம்."

எனக்கும் என் மனைவிக்கும் நடுவில் ஆறடி தூரம்கூட இருக்காது. தீபத்தன்று சாயங்காலம் ஊரே மொட்டை மாடியில் நின்றது. மலை உச்சியில் ஜோதி தெரிந்ததும் எல்லா மாடியிலும் "அரோகரா" என்ற சத்தம். எங்கள் மாடியில் அவள் ஒரு மூலை, நான் ஒரு மூலை. "உமா, அப்பாவ செருப்ப கழட்டிட்டு கும்பிடச் சொல்லு" என்றாள். அந்தச் சத்தத்தில் உமா ஓடிவந்து, என் காதில் வாய் வைத்து, செருப்பைக் கழற்றச் சொன்னாள். குழந்தை எவ்வளவு சுத்தமாகச் சேதி கொண்டுவருகிறாள், ஆபீஸ் டபேதார்கூட இப்படிக் கொண்டுவரமாட்டானே என்று அப்போது பெருமைப்பட்டேன். அதை நினைத்தால் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தை பிறந்ததும் பள்ளியிலிருந்து ஒரு சீட்டு வந்தது. பங்குனியில் ஒவ்வொரு குழந்தையும் பள்ளியை நடத்துகிற பெரிய டீச்சர் முன்னால் தன் தாள்களில் ஒன்றைப் படித்துக் காட்ட வேண்டும். படித்தால்தான் ஒன்றாம் வகுப்பு, இல்லாவிட்டால் இன்னொரு வருஷம் அதே பெஞ்சு. மற்றப் பிள்ளைகளிடம் கத்தையாகத் தாள் இருந்தது. என் பெண்ணிடம் ஒரு கோப்பு நிறைய வெள்ளைக் காகிதம் இருந்தது.

நானே சொல்லிக்கொடுப்பது என்று முடிவு செய்தேன். கடையில் படம் போட்ட அ, ஆ அட்டை வாங்கிவந்து சுவரில் மாட்டினேன். பத்து நாளில் உமா அம்மா, ஆடு, இலை, ஈ என்று மூச்சுவிடாமல் சொன்னாள். பள்ளிக்குக் கூட்டிப்போய் டீச்சர் முன்னால் சொல்லச் சொன்னேன். டீச்சர் முழுவதும் கேட்டார்.

"நல்லா பாடறா சார்."

"பாட்டு இல்லீங்க, படிக்கிறா."

டீச்சர் குனிந்து மண்தரையில் விரலால் 'இலை' என்று எழுதினார். உமா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அம்மா, ஆடு என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு ஒரு தந்திரம் செய்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, ஆனால் அன்றைக்கு என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். தாளில் ஏற ஒரு வாக்கியம்தானே வேண்டும்? காலையில் உமாவுக்குத் தலை வாரும்போது, "டீச்சர்கிட்ட போய், 'நிலா வட்டமா இருக்குது'ன்னு சொல்லு" என்றேன். நல்ல வாக்கியம், யார் வீட்டு மானமும் போகாது. உமா தலையாட்டினாள். சாயங்காலம் ஆவலாகப் பையைத் திறந்தேன். வெள்ளைத் தாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மறுநாள் ஆபீஸில் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டு, கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

"என் பொண்ணு மட்டும் உங்களுக்கு என்ன பண்ணுனா? நேத்து நிலா வட்டமா இருக்குதுன்னு சொன்னாளா இல்லியா?"

"சொன்னா சார்."

"அப்ப ஏன் எழுதல?"

"'எங்க அப்பா நிலா வட்டமா இருக்குதுன்னு சொல்லச் சொன்னாரு'ன்னு சொன்னா. அது நீங்க சொன்னதுங்க."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். குழந்தைகள் உட்காருகிற நாற்காலி, முழங்கால் மார்பில் இடித்தது.

"மத்த நேரத்துல பேசவே மாட்டாளா?" என்றேன்.

"நாள் பூரா பேசறா சார். 'டீச்சர், ஆயம்மா உங்கள கூப்புடறாங்க.' 'டீச்சர், அவன் தண்ணி கேக்கறான்.' 'டீச்சர், எங்க அம்மா நாளைக்கு லேட்டா அனுப்புவேன்னு சொல்லச் சொன்னாங்க.' எல்லாரும் அவளத்தான் அனுப்பறாங்க. ஒரு எழுத்து விடாம சொல்லிடறா. ஆனா எல்லாமே அடுத்தவங்க சேதி. அத அவ தாள்ல நான் எப்பிடிங்க எழுதறது? அவ சொல்றது இன்னும் திரும்ப வரல. வந்தா எழுதிடுவேன்."

வெளியே பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். டீச்சர் கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பித்தார்.

"வீட்ல எத்தினி பேருங்க சார்?"

"மூணு பேர்."

"மூணு பேருக்கு சேதி ஜாஸ்திங்க" என்றார். தலை நிமிரவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். எங்கள் வீட்டு விவகாரம் அவருக்குத் தெரியுமா, அல்லது தெரிந்ததை மட்டும் வைத்துக் கூட்டிப் பார்த்தாரா?

சாயங்காலம் ஆபீஸ் விட்டு வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் இதை என் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். விஷயம் பெரியது, உடனே சொல்ல வேண்டியது. வீட்டுக்குள் நுழைந்ததும், "உமா, அம்மாகிட்ட..." என்று ஆரம்பித்து வாயை மூடிக்கொண்டேன். குழந்தை என் முன்னால் வந்து நின்று, சேதிக்காக முகத்தை நிமிர்த்திக் காத்திருந்தாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. "ஒண்ணும் இல்ல, போய் வெளயாடு" என்றேன்.

அப்போதாவது நேராக என் மனைவியிடம் போய்ப் பேசியிருக்கலாம். பேசவில்லை. சமையற்கட்டு வாசல்வரை இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

பங்குனி வந்தது. திங்கட்கிழமை படித்துக் காட்டும் நாள். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை தாளில் எழுத்து வந்தது. அன்று என் முறை. வழக்கம்போல் பின்பக்கம் திருப்பப்போனேன். உமா என் கையைத் தட்டிவிட்டாள். "இந்தப் பக்கம்ப்பா!"

நீலப் பென்சிலில், பெரிய எழுத்தில், இரண்டு வரி.

நான் சொல்ல மாட்டேன்.
நீயே போய் சொல்லு.

'நான்' என்பதற்கடியில் விரல் வைத்தேன். உமா என் விரலை எடுத்துவிட்டுத் தன் விரலை வைத்தாள். படித்தாள். ஒவ்வொரு சொல்லையும் தொட்டுத் தொட்டு, தானே சொன்னது தானே திரும்பி வருகிறதைப் பார்த்த சந்தோஷத்தில், நாலு தடவை படித்தாள். சமையற்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. இதை யாரிடம் சொன்னாய் என்று குழந்தையிடம் கேட்டிருக்கலாம். எனக்குத் தைரியம் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை என் மனைவியின் முறை. பள்ளி இல்லை, அதனால் அதே தாள். நான் அடுத்த அறையில் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அவளும் உமாவும் சேர்ந்து படித்தார்கள். "நான் சொல்ல மாட்டேன்" வரைக்கும் இரண்டு குரல் வந்தது. அதற்குப் பிறகு ஒரு குரல்தான் வந்தது.

"'நீயே'ம்மா" என்று உமா எடுத்துக்கொடுத்தாள்.

அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் ஒரு சேதிகூட இல்லை. அவளும் அனுப்பவில்லை, நானும் அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரசத்தில் உப்பே இல்லை. சொல்லி அனுப்ப ஆள் இல்லாமல் அப்படியே சாப்பிட்டேன். எதிரில் அவளும் அதையேதான் சாப்பிட்டாள். உமா மட்டும் தன்பாட்டுக்கு நடுக்கூடத்தில் பொம்மைக்குச் சாதம் ஊட்டி, பொம்மையோடு ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். யார் சொல்லச் சொன்னதும் இல்லை, எல்லாம் அவளுடைய பேச்சு.

திங்கட்கிழமை பெரிய டீச்சரின் அறைக்கு வெளியே நின்றேன். கதவு திறந்துதான் இருந்தது. உமா தாளைப் படித்தாள். பெரிய டீச்சர், "மனப்பாடமா?" என்று கேட்டுவிட்டு, சிலேட்டில் சொற்களை மாற்றிப் போட்டு, 'நீ போய் சொல்ல மாட்டே. நானே சொல்லு' என்ற மாதிரி ஏதோ எழுதிக் காட்டினார். உமா ஒவ்வொன்றாகப் படித்து முடித்து, "இது தப்பா இருக்குது டீச்சர்" என்றாள். உள்ளே சிரிப்புச் சத்தம். பாஸ்.

வேப்பமரத்தடியில் டீச்சர் அடுத்த பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். நன்றி சொல்ல வந்தேனா, சண்டை போட வந்தேனா என்று எனக்கே தெரியாத நிலை.

"அந்த வரிய உமா யார நெனச்சு சொன்னா டீச்சர்?"

"யாரையும் நெனைக்கலீங்க. பக்கத்துல உக்காற பையனுக்கு ஒண்ணுக்கு வந்துது. 'டீச்சர்கிட்ட சொல்லு'ன்னு எப்பவும்போல இவள அனுப்பினான். இவளுக்கு அன்னிக்கு இன்னா தோணிச்சோ, திரும்பி நின்னு அப்பிடிச் சொன்னா."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க. கொழந்த சொன்னது அதான்."

எனக்குச் சிரிப்பதா என்னவென்று தெரியவில்லை. இரண்டு நாள் நானும் என் மனைவியும் குற்றவாளிகளைப் போலக் கிடந்து, உப்பில்லாத ரசம் சாப்பிட்டோமே, அது ஒரு பையனின் மூத்திரத்துக்காகவா?

"அதுக்கப்புறம் வேற எதுவும் சொல்லலியா அவ?"

"ஏன் சொல்லாம? வாய் மூடல. வெள்ளாட்டுக்குட்டி பத்தி சொன்னா, பல்லு ஆடுது பத்தி சொன்னா. நெறைய."

"அதெல்லாம் விட்டுட்டு ஏன் இத எழுதி அனுப்புனீங்க?"

டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த வருஷத்தில் அவர் என் முகத்தை நேராகப் பார்த்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன். "இதுதாங்க மொதல்ல வந்துது" என்றார். பிறகு பிள்ளையைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

உமா மத்தியானம்வரை பள்ளியில் இருக்க வேண்டும். நான் மட்டும் வீட்டுக்கு நடந்தேன். ஒத்தவாடைத் தெருவில் திரும்பும்போதே தெரிந்தது, வாசலில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே என் பின்னால் தெருவைப் பார்த்தாள். உமா வருகிறாளா என்று பார்த்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன். தெருவில் ஒரு மாடு படுத்திருந்தது, வேறு யாரும் இல்லை.

வாசற்படிவரை வந்து நின்றேன். அவள் உள்ளே போகவில்லை. ஏழு மாதம் கழித்து அவள் முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்க்கிறேன். கண் இரண்டும் கேட்டுக்கொண்டிருந்தன, வாய் மட்டும் திறக்கவில்லை.

"உமா படிச்சிட்டா" என்றேன். குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, "யாரு சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"நான்தான் சொல்றேன்" என்றேன்.